18ஆம் நூற்றாண்டுக் கடிதங்களில் நோயையும் வீட்டையும் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வீட்டாருக்கு எழுதப்பட்ட கடிதம் எதை எடுத்தாலும் உடம்பைப் பற்றி நாலு வரியாவது இருக்கும். காய்ச்சல், பேதி, பல்வலி, பிரசவம், குழந்தைக்குப் போட்ட அம்மை. நோய் நுழையாத வீடே இல்லை என்பது ஒரு காரணம். தூரத்தில் இருப்பவர் நலமா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கடிதம்தான் கதி என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இப்போது இந்தக் கடிதங்களில் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வு மாணவர்கள், சரித்திர நாவல் எழுதுபவர்கள், சும்மா ஆர்வத்தில் படிப்பவர்கள் எல்லாரும் பொதுவாகச் செய்யும் வேலை, தேடுபெட்டியில் காய்ச்சல் என்று போட்டு, வந்து விழும் வரிகளை வெட்டி எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்த வரியில் நோய் இருக்கும், நோய் வந்த வீடு இருக்காது. அந்த வரிக்கு மேலே குண்டூசி விலை இருந்திருக்கும், கீழே மாட்டுக்கு வைக்கோல் வாங்கிய கணக்கு இருந்திருக்கும். இவற்றைச் சேர்த்துப் படிக்கும் முறையைத்தான் இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஒரு குடும்பம், ஒரு பருவம்

பத்துக் குடும்பங்களின் கடிதங்களை மேய வேண்டாம். ஒரு குடும்பத்தை எடுங்கள், அதிலும் சில மாதங்களை மட்டும் எடுங்கள். போன கடிதம், வந்த பதில் இரண்டும் மிஞ்சியிருக்கும் தொகுப்பாக இருக்க வேண்டும்.

முதல்முறை படிப்பவர்களுக்கு நான் சொல்வது ஜான் ஆடம்ஸ், அபிகேல் ஆடம்ஸ் தம்பதியின் கடிதங்கள். ஜான் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபர். ஆனால் 1770களில் அரசியல் வேலையாக ஃபிலடெல்ஃபியாவில் கிடந்தார். அபிகேல் நாலு குழந்தைகளோடு மாசசூசெட்ஸின் பிரெய்ன்ட்ரீ கிராமத்தில் பண்ணையைக் கவனித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே போய்வந்த கடிதங்களில் 1,100க்கு மேல் இன்றும் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் மூலப் படங்களையும் எழுத்துப் பெயர்ப்பையும் இணையத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பழையது, எழுத்துக்கூட்டல் அவர்கள் இஷ்டம். பத்துக் கடிதம் தாண்டினால் பழகிவிடும்.

ஐரோப்பா வேண்டும் என்றால் இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் குடும்பக் கடிதங்கள். சால்ஸ்பர்க்கின் மோட்சார்ட்டேயம் நிறுவனம் இவற்றையும் இணையத்தில் தருகிறது.

படி 2: கையில் இருப்பது எந்தப் பிரதி?

தபாலில் போன காகிதமா, எழுதியவர் தனக்கென வைத்துக்கொண்ட நகலா, பிற்காலத்தில் வாரிசுகள் திருத்திய அச்சா? இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

லேடி மேரி வொர்ட்லி மாண்டேகு நல்ல உதாரணம். ஆங்கிலத் தூதரின் மனைவியாகத் துருக்கிக்குப் போன அவர், 1717 ஏப்ரல் 1 தேதியிட்டு, சாரா சிஸ்வெல் என்ற தோழிக்கு ஏட்ரியநோப்பிள் நகரிலிருந்து எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அம்மை கண்டவரின் சீழைக் கொட்டை ஓட்டில் எடுத்துக்கொண்டு கிழவிகள் வீட்டுக்கு வருவது, ஊசியால் கீறி அதை உள்ளே வைப்பது, குழந்தைகள் சில நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு எழுந்துவிடுவது என்று எல்லாம் அதில் வருகிறது. ஜென்னரின் தடுப்பூசிக்கு ஏறத்தாழ 80 ஆண்டு முந்தைய முறை இது. ஆனால் நாம் படிப்பது அவர் பிற்பாடு சீர்செய்து தொகுத்துவைத்த பிரதியை. அவர் இறந்த மறு ஆண்டு, 1763இல் அது அச்சானது. அதனால் கடிதம் பொய்யாகிவிடாது. தானே பெரியம்மை கண்டு முகம் தழும்பானவர் அவர். 1718இல் மகனுக்கும் 1721இல் லண்டனில் மகளுக்கும் அதே முறையில் அம்மை குத்தச் செய்தார். ஆனாலும் அவ்வளவு கோவையான ஒரு வர்ணனை அன்றைக்கே அப்படியே தபாலில் போனது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோழி சாரா 1726இல் பெரியம்மையிலேயே இறந்தார். தொகுப்பின் பக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவராது.

நம் ஊர்ப் பக்கத்திலும் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு, க்ருண்ட்லர் என்ற கிறிஸ்தவ மதபோதகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, 1712 முதல் 1714 வரை தமிழர்கள் பதில் எழுதிய 99 கடிதங்கள். அவற்றை ஜெர்மன் மொழிபெயர்ப்பில்தான் படிக்க முடிகிறது. அங்கே பேசுவது தமிழரின் வாய், ஆனால் எதைப் பேசுவது என்று தீர்மானித்தது கேள்வி கேட்டவர். வீட்டுக் கடிதம்போல அதைப் படித்தால் தப்பாகப் போகும்.

படி 3: தேதிக்கு இரண்டு பத்தி போடுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் நெடுக்குவாக்கில் இரண்டு பத்தி. ஒன்றில் கடிதம் எழுதப்பட்ட நாள். மற்றதில் அது கைக்கு வந்த நாள். பதில் கடிதத்தின் முதல் வரியிலேயே பெரும்பாலும் அது இருக்கும்: "உன் இன்ன தேதிக் கடிதம் இன்று கிடைத்தது" என்றுதான் தொடங்குவார்கள்.

1775 கோடையின் கடைசியில் பிரெய்ன்ட்ரீ பகுதியில் சீதபேதி பரவியது. செப்டம்பர் 8ஆம் தேதிக் கடிதத்தில் அபிகேல் வரிசையாகச் சொல்கிறார். முதலில் வேலையாள் ஐசக் விழுந்தான். இரண்டு நாளில் அவரே விழுந்தார். அந்த வாரமே சூசி என்ற வேலைக்காரப் பெண். பிறகு கடைக்குட்டி டாமி. கடைசியாக வீட்டில் இருந்த இன்னொரு இளம்பெண். 16ஆம் தேதி இன்னொரு கடிதம் எழுதுகிறார். இந்த இரண்டும் ஜானுக்குச் சேர்ந்து கிடைத்தது அக்டோபர் 1ஆம் தேதி காலையில். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்பதே, சில நாள் முன்பு ஒரு தோழி எழுதிய சிறு குறிப்பைத் தவிர, அதுவரை தனக்குத் தெரியாது என்று அன்றே பதில் எழுதுகிறார். ஊருக்குத் திரும்பி வரலாமா என்றும் யோசிக்கிறார். அவர் இதை எழுதிய அதே அக்டோபர் 1இல் அபிகேலின் தாய் அதே நோயில் இறக்கிறார். அபிகேலும் அன்று ஒரு கடிதம் எழுதுகிறார், யோபுவின் புலம்பலைப்போல "என்மேல் இரங்கும்" என்று தொடங்கி.

ஒரே நாளில் எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள். ஒன்று மூன்று வாரம் பழைய நோய்க்கு ஆறுதல் சொல்கிறது, மற்றது அந்த நாளின் சாவைச் சொல்கிறது. அச்சுப் புத்தகத்தில் இவை அடுத்தடுத்துக் கிடப்பதால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல நமக்குத் தோன்றிவிடுகிறது. இரண்டு பத்தி போட்டால்தான் யாருக்கு எப்போது எது தெரியாது என்பது தெரியவரும்.

நாட்காட்டிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752 செப்டம்பரில்தான் புதிய நாட்காட்டிக்கு மாறின. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. அதற்கு முன்பு ஐரோப்பியக் கண்டத்தின் பெரும்பகுதிக்கும் இங்கிலாந்துக்கும் 11 நாள் வித்தியாசம். சட்டப்படி ஆங்கிலேயப் புத்தாண்டும் மார்ச் 25தான். அதனால் பிப்ரவரிக் கடிதத்தில் 1717/18 என்று இரண்டு ஆண்டு போட்டிருந்தால் பதற வேண்டாம். நம் கணக்குக்கு அது 1718.

படி 4: காகிதமும் காசும்

பிரிட்டனில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கொடுத்தது கடிதத்தைப் பெற்றவர். தூரத்துக்கும் தாள் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கட்டணம். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கானதால், கடிதத்தையே மடித்து முத்திரை வைத்து வெளியில் முகவரி எழுதினார்கள். நோய்ச் செய்தி ஓரத்தில் நெருக்கி எழுதப்பட்டிருந்தால் அதை அலட்சியம் என்று எண்ணிவிடாதீர்கள், இடம் தீர்ந்திருக்கும். பயணம் போகிறவர் கையில் கொடுத்தனுப்பியதும் ஏராளம். ஆள் கிளம்பும் நேரம்தான் கடிதத்தின் நீளத்தைத் தீர்மானித்தது.

காகிதத்தையே பயந்த காலமும் உண்டு. 1764இல் திருமணத்துக்கு முன்பு ஜான் ஆடம்ஸ் பாஸ்டனில் அம்மை குத்திக்கொண்டு தனித்திருந்தபோது, அவர் எழுதிய கடிதங்களைப் புகையில் காட்டிய பிறகுதான் அபிகேலிடம் கொடுத்தார்கள்.

படி 5: சம்பிரதாய வரியும் செய்தியும்

"இறைவன் அருளால் நாங்கள் நலம், நீங்களும் அவ்வாறே" என்கிற ரக வரிகள் அந்தக் கடிதங்களிலும் உண்டு. நம் தாத்தா காலத்து இன்லேண்ட் லெட்டரில் "இங்கு அனைவரும் நலம்" இருந்த மாதிரிதான். அந்த வரியை நம்பி எல்லாரும் நலமாக இருந்தார்கள் என்று குறிப்பெடுக்காதீர்கள். வழக்கமாக அதை எழுதுகிறவர் ஒரு கடிதத்தில் எழுதாமல் விட்டால் அங்கே நில்லுங்கள்.

முடிந்தவரை மூலப் படத்தையும் பாருங்கள், ஏனென்றால் கையெழுத்தே சாட்சி சொல்லும். 1783 ஜூன் 17 விடியற்காலையில் ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்குப் பக்கவாதம் தாக்கிப் பேச்சு போய்விட்டது. வயது 73. பக்கத்து வீட்டு எட்மண்ட் ஆலனுக்குக் கைப்பட ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். இரண்டு நாள் கழித்துத் தன் தோழி த்ரேல் அம்மையாருக்கு நடந்ததை விவரிக்கிறார். புத்தி கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு பிரார்த்தனையை லத்தீன் செய்யுளாகக் கட்டினாராம். செய்யுள் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது, அதனால் புத்திக்குக் குறைவில்லை என்று முடிவுசெய்தேன் என்கிறார். பேச்சை வரவழைக்க ஒயின் குடித்துப் பார்த்தார், வரவில்லை, தூங்கிவிட்டார். அந்தச் சீட்டை எழுதும்போது கை ஏனென்று தெரியாமல் தப்பான எழுத்துகளைப் போட்டது என்பதையும் சொல்கிறார். தன் உடம்பைத் தானே இவ்வளவு கறாராகக் கவனித்து எழுதிய நோயாளி அபூர்வம். அந்த மூளையே அகராதி செய்த மூளைதானே.

படி 6: இன்றைய பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

அழுகல் காய்ச்சல், நரம்புக் காய்ச்சல், பித்தக் காய்ச்சல், விட்டுவிட்டு வரும் முறைக் காய்ச்சல் என்று கடிதங்கள் சொல்லும். படித்த மறு நிமிடமே டைஃபாய்டு, மலேரியா என்று எழுதிவிட ஆசை வரும். நோட்டில் அவர்கள் சொன்ன பெயரை அப்படியே எழுதுங்கள். பக்கத்தில் அறிகுறி, எத்தனை நாள் நீடித்தது, வீட்டில் எத்தனை பேருக்கு வந்தது என்று குறியுங்கள். 1762இல் வியன்னாவில் குழந்தை மோட்சார்ட்டுக்கு வந்ததைத் தந்தை லியோபோல்ட் ஒருவகைச் செங்காய்ச்சல் என்று எழுதினார். அவர் எழுதிய விவரங்களை வைத்து அது வேறு நோய் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். அந்த விவாதம் நடக்க முடிந்ததே, அவர் தடிப்பு எங்கே வந்தது, எவ்வளவு பெரிது என்று எழுதிவைத்ததால்தான்.

கௌட் எனும் கீல்வாதத்துக்கு மட்டும் தனி மரியாதை. அது வந்தால் வேறு பெரிய நோய் அண்டாது என்று பலர் நம்பினார்கள். ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் பல ஆண்டுகள் தன் கீல்வாதத்தைக் கேலியும் புலம்பலுமாக எழுதித் தள்ளினார்.

படி 7: மருந்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

ரத்தம் வாங்குவது, வாந்திக்கும் பேதிக்கும் கொடுப்பது, தோலில் கொப்புளம் எழுப்பும் பற்று போடுவது. முட்டாள்தனம் என்று ஒதுக்கினால் கடிதத்தில் பாதி விளங்காது. உடம்பில் தேங்கியதும் கெட்டதும் வெளியேறினால் நோய் தீரும் என்பது அவர்கள் கணக்கு. அதனால்தான் வேர்த்தது, வயிறு போனது, நேற்றைய ஈரக்காற்று, இரவு தின்ற பண்டம் எல்லாம் கூச்சமில்லாமல் கடிதத்தில் வருகின்றன. இவை வம்பளப்பு இல்லை. அவர்களைப் பொறுத்தவரை இதுதான் மருத்துவ அறிக்கை. இவற்றோடு நிஜமாகவே வேலை செய்த இரண்டு மருந்துகளும் புழக்கத்தில் இருந்தன: முறைக் காய்ச்சலுக்குச் சிங்கோனாப் பட்டை, வலிக்கும் பேதிக்கும் அபின் கரைசல்.

படி 8: வீட்டைப் படியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். நோய் வந்த வாரத்தில் யார் சமைத்தார்கள், யார் பால் கறந்தார்கள், எது தீர்ந்துபோனது, யாரிடம் கேட்டு வாங்கினார்கள்?

சீதபேதி நடந்துகொண்டிருந்த அந்தச் செப்டம்பரிலேயே அபிகேல் கணவருக்கு ஒரு பட்டியல் கொடுக்கிறார். ரேவல்சின்னி வேர் ஒரு அவுன்ஸ், ஜாதிக்காய் கால் பவுண்ட், கிராம்பு ஒரு அவுன்ஸ், பட்டை இரண்டு அவுன்ஸ். ஊரெல்லாம் நோய் என்பதால் மருந்துக்குத் தட்டுப்பாடு என்று காரணமும் சொல்கிறார். இதைச் சமையல் சாமான் பட்டியல் என்று தாண்டிப்போகிறவர்கள் உண்டு. நாட்டு மருந்துக்கடைக்குப் போய்ப் பழகிய நமக்குப் பார்த்தவுடன் புரியும், இது வயிற்றுக்கான பட்டியல். அந்த வாரங்களின் கடிதம் ஒன்றில், சூடான வினிகரால் விடாமல் கழுவினால்தான் வீட்டுக்குள் இருக்க முடிகிறது என்கிறார்.

அதே ஆண்டு ஜூனில் கேட்டது குண்டூசி. 7 ஷில்லிங் 6 பென்ஸுக்கு வாங்கியது 20 ஷில்லிங் ஆகிவிட்டது, அதற்கும் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சுதந்திரப் போர், பாஸ்டன் முற்றுகை, துணி, நோய் எல்லாம் ஒரே தாளில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துத் தனித்தனிக் கோப்பில் போட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும் என்பது நமக்குப் பிடிபடாது.

1776 ஜூலை 12இல் நாலு குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அம்மை குத்திக்கொள்ள பாஸ்டனுக்குப் போகிறார். உறவினர் வீட்டில் தங்கல். படுக்கை கொண்டுபோகிறார்கள், பிரெய்ன்ட்ரீயிலிருந்து ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், தொழுவத்தில் வைக்கோல், விறகு. ஒரு குடித்தனமே இடம் மாறுகிறது. இடையில் ஜூலை 18இல் சுதந்திரப் பிரகடனம் பொதுமக்கள் முன் வாசிக்கப்படுகிறது. கூட்டத்தோடு நின்று கேட்டதை மூன்று நாள் கழித்து எழுதுகிறார். மகன் சார்லஸுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் குத்தியும் அம்மை பிடிக்கவில்லை. கடைசியில் இயற்கையாகவே கண்டு, பிதற்றும் அளவுக்குப் போய்ப் பிழைத்தான். வரலாற்றுப் பாடத்தில் பிரகடனம் ஒரு பக்கம், பொதுச் சுகாதாரம் ஒரு பக்கம். அபிகேலுக்கு இரண்டும் ஒரே மாதத்து வேலை.

படி 9: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

ஆடம்ஸ் தம்பதிக்கு ஒரு நிஜமான பயம் இருந்தது. 1775 கோடையில் ஜான் எழுதிய கடிதங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கிப் பத்திரிகையிலேயே வெளியாகிவிட்டன. அந்தரங்க விஷயத்தை இருவரும் சுற்றிவளைத்து எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் 1777 ஜூலை 10 இரவில் அபிகேல் பிரசவ வலியோடு எழுதுகிறார். தாங்கியே ஆக வேண்டியதைத் தாங்கப் பேனாவைக் கீழே வைக்கிறேன் என்று எழுதி நிறுத்துகிறார், பிறகு தாங்கிவிட்டேன் என்று மறுபடி எடுக்கிறார். மறுநாள் பெண் குழந்தை இறந்தே பிறந்தது.

மறைப்பதன் உச்சம் பாரிஸில் நடந்தது. 1778 ஜூலை 3 இரவு பத்து மணி தாண்டி மோட்சார்ட்டின் தாய் அன்னா மரியா இறந்தார். அன்றிரவே 22 வயது மகன் இரண்டு கடிதங்கள் எழுதினான். தந்தை லியோபோல்டுக்கு எழுதியதில் அம்மாவுக்கு உடம்பு மிக மோசம் என்று மட்டும் இருக்கிறது. அப்புறம் பேச்சை மாற்றி, தன் புதிய சிம்பொனிக்குக் கிடைத்த கைதட்டலையும், முடிந்ததும் ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும், வோல்டேர் செத்ததையும் சொல்கிறான். இன்னொன்று சால்ஸ்பர்க்கில் இருந்த குடும்ப நண்பர் புல்லிங்கருக்கு. அதில் உண்மை இருக்கிறது: என்னோடு சேர்ந்து அழுங்கள், அப்பாவை மெல்லத் தயார்ப்படுத்துங்கள்.

லியோபோல்ட் ஜூலை 12இல் ஒரு கடிதம் தொடங்கியிருந்தார். மாதக் கடைசியில் வரும் மனைவியின் பெயர்நாளுக்குத் தபால் நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமே என்று முன்கூட்டியே வாழ்த்து. 13ஆம் தேதி காலை மகனின் கடிதம் வருகிறது. அதே தாளில், வாழ்த்துக்குக் கீழே, பதற்றத்தோடு தொடர்கிறார். அவள் போய்விட்டாள் என்று அவருக்கு ஏறக்குறையப் புரிந்துவிடுகிறது. புல்லிங்கர் வந்து பேசிய பிறகு, பிற்பகலில், தெரிந்துகொண்டு எழுதுகிறார். ஒரே தாளில் மூன்று நேரம். மனைவிக்கு வாழ்த்தாகத் தொடங்கியது மகனிடம் கேள்வியாக முடிகிறது.

மகனைக் கல்நெஞ்சன் என்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஐஸ்கிரீம் வரியைத் தனியாக வெட்டினால்தான் அப்படித் தெரியும். புல்லிங்கர் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தால், பத்து நாள் தள்ளி நடக்கப்போகும் ஒரு காட்சியை அந்த இரவிலேயே அவன் ஏற்பாடு செய்தது தெரியும். நோயின் முழு விவரம் ஜூலை 31 கடிதத்தில்தான் வருகிறது.

ஒரே நாளில் ஒரே ஆள் வேறு வேறு பேருக்கு எழுதியது ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று தேடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

படி 10: தபால் வைத்தியத்தைத் தனியாக வையுங்கள்

மருத்துவருக்கு எழுதிய கடிதம் வீட்டுக் கடிதம் இல்லை. எடின்பரோவின் வில்லியம் கல்லன் நேரில் பார்க்காத நோயாளிகளுக்கும் தபாலிலேயே ஆலோசனை சொன்னார். ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த நகல் இயந்திரத்தை 1781 முதல் பயன்படுத்தியதால் அவருடைய பதில்களும் மிஞ்சின. கேள்வியும் பதிலுமாக ஆயிரக்கணக்கான கடிதங்களை இணையத்தில் படிக்கலாம். சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த மருத்துவர் திஸ்ஸோவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து வந்தவை ஆயிரத்துக்கும் மேல். இவற்றில் நோயாளி தன் கதையை மருத்துவருக்குப் பிடித்த ஒழுங்கில் அடுக்குவார். வீட்டில் புலம்பியதற்கும் மருத்துவரிடம் சொன்னதற்கும் இடைவெளி இருக்கும். இரண்டையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் நோட்டில் அரைப் பக்கம் போதும்: இரண்டு தேதிகள், எந்தப் பிரதி, அவர்கள் சொன்ன நோய்ப் பெயர், அறிகுறி, கொடுத்த மருந்து, பார்த்துக்கொண்டவர் பெயர், அந்தக் கடிதத்தில் வரும் விலைகள், கேட்டு எழுதிய சாமான்கள். பார்த்துக்கொண்டவர் பத்தி பல சமயம் காலியாக இருக்கும், அல்லது வேலைக்காரரின் முதல் பெயர் மட்டும் வரும். அதையும் குறித்துக்கொண்டே போங்கள். அந்த ஆட்கள் கைப்பட எழுதிய கடிதம் அனேகமாகக் கிடைக்காது. வேறொருவர் கடிதத்தில் போகிறபோக்கில் வரும் அரை வரிதான் அவர்களைப் பற்றி இருப்பது.